இணையத்திலும் குத்தகையா?

முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரிடையே நெடுநாளாக ஒரு நோய் உண்டு. வணிகம் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தே மூக்கைப் பொத்திக்கொள்வர். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் கமக்காரனும், நீர்வேலியில் வாழைக்குலை சுமக்கும் கூலியாளும், பனங்கட்டி காய்ச்சி விற்கும் பெண்களின் சங்கமும் வணிகத்தாலேயே சீவிக்கின்றனர் என்பது அவர்களுக்கு அந்நேரம் தோன்றுவதில்லை. "கடைக்காரன் இணையத்தளம் அமைப்பதற்கும் நமது ஏட்டிற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்போர் இக்கூட்டத்தினரே. சம்பந்தம் உண்டு. உற்பத்திச் சாதனம் யாருக்குச் சொந்தம் என்ற பழைய கேள்விதான் இன்று கணினித் திரையில் புது வேடம் பூண்டு வந்து நிற்கிறது.

யாழ்ப்பாணத்துச் சிறு உற்பத்தியாளர் ஒருவர் ஒடியல் மாவையோ, மிளகாய்த்தூளையோ, நல்லெண்ணெயையோ கொழும்புக்கும் கனடாவுக்கும் விற்க விரும்புகிறார் என்று கொள்வோம். வாங்குவோர் அங்கே இருக்கின்றனர். நம் உறவினரே அவர்கள். இடையில் நிற்பவன் யார் என்பதே பிரச்சினை. முன்னர் இடையில் தரகன் நின்றான். அவன் முகமாவது நமக்குத் தெரியும், பேரம் பேசலாம், கோபித்துக்கொள்ளலாம். இன்று நிற்பது கடல் கடந்த கம்பெனி. அதனோடு பேரம் பேச முடியாது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தத்தான் முடியும்.

இணையத்தளத்தை நடத்த இன்று வழக்கிலிருப்பது உள்ளடக்க முகாமைத்துவத் தொகுதி என்னும் மென்பொருள். பெயரின் நீளத்தைக் கண்டு மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. பத்திரிகை அலுவலகத்தில் எழுதுவோன் வேறு, அச்சுக்கோப்போன் வேறு, பக்கம் கட்டுவோன் வேறு. இந்த மென்பொருளும் அவ்வாறே எழுத்தை ஓரிடத்திலும் வடிவத்தை மற்றோரிடத்திலும் வைத்திருந்து, வாசகன் கேட்கும் கணத்தில் இரண்டையும் பொருத்திக் கொடுக்கிறது. வெங்காய விலை ஏறினால் கடைக்காரர் விலையை மட்டும் மாற்றுவார். பக்கத்தை மீண்டும் கட்டவேண்டியதில்லை. சுருங்கச் சொன்னால், இஃது ஓர் அச்சுக்கூடம்.

அச்சுக்கூடம் என்றதும் யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு நினைவுக்கு வரவேண்டிய சரித்திரம் ஒன்றுண்டு. 1820இல் அமெரிக்க மிஷனரிமாரின் அச்சுத் தொழிலாளி யாழ்ப்பாணத்திற்கு வந்தபோது, தேசாதிபதி பாண்ஸ் அவரை இங்கே தங்க அனுமதிக்கவில்லை. அச்சு எவ்வளவு ஆபத்தான பொருள் என்பதை ஏகாதிபத்தியவாதி நன்கறிந்திருந்தான். பின்னர் மானிப்பாயில் மிஷனின் அச்சகம் ஓங்கியது. 1841இல் உதயதாரகை வந்தது. மிஷனுக்கு எதிராக எழுத விரும்பிய ஆறுமுக நாவலர் என்ன செய்தார்? மிஷன் அச்சகத்தின் வாயிலில் போய் நிற்கவில்லை. 1849இல் சென்னைக்குச் சென்று சொந்தமாக ஓர் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். சாதி பற்றிய அவருடைய கொள்கையோடு நமக்கு எள்ளளவும் உடன்பாடில்லை. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டவர்களின் பக்கமே நாம். ஆயினும், கருத்தைச் சொல்ல விரும்புவோனுக்குக் கருவியும் சொந்தமாக இருக்கவேண்டும் என்ற உண்மையை அவர் கண்டுகொண்டார் என்பதை மறுக்க முடியாது. இன்றைய நமது வணிகர்களும், ஏன், நமது சங்கங்களும்கூட, அந்த உண்மையை மறந்துவிட்டன.

மறந்ததன் பயனைக் காண்போம். மாதச் சந்தா கட்டினால் அழகிய தளம் ஐந்து நிமிடத்தில் தயார் என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகள் பல. சந்தா டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. மாதம் 20 டொலர் கட்டிய கடைக்காரருக்கு 4000 ரூபாவாக இருந்த வாடகை, அவர் ஒரு பொருளும் கூடுதலாக விற்காமலே, 7200 ரூபாவாயிற்று. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, வெளிநாட்டுக்குப் பணம் செலுத்துவதற்குத் தடை. அந்நாட்களில் சந்தாவை நிறுத்தியவர் தம் தளத்தைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போக முடிந்ததா? முடியாது. சுவர் கம்பெனியுடையது, கூரை கம்பெனியுடையது. உள்ளே இருந்த பொருள்களின் பெயர்ப்பட்டியலை மட்டும் வாரிக்கொண்டு தெருவில் இறங்கலாம்.

நமது நாட்டில் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தை பிலிப் குணவர்த்தன கொண்டுவந்தார். பயிரிடுவோனை நினைத்தபோது வெளியேற்றக்கூடாது, அவன் கொடுக்கும் வாரத்திற்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதே அதன் சாரம். சட்டம் வந்தபின்னும் காணிக்காரர்கள் குடியானவர்களைக் கூட்டங்கூட்டமாக வெளியேற்றினர் என்பது வேறு கதை. ஆனால் அக்கோரிக்கையாவது தேசத்தின் முன் வைக்கப்பட்டது. இணையக் குத்தகைக்காரனுக்கு அப்படியொரு சட்டம் எந்த நாட்டில் உண்டு? 2009 ஒக்டோபரில் யாகூ கம்பெனி ஜியோசிற்றீஸ் என்னும் தன் இலவசக் குடியிருப்பை இடித்துத் தள்ளியது. தமிழர் பலர் முதன்முதலில் இணையத்தில் கட்டிய சிறு வீடுகளும் அதனுள் இருந்தன. அது பழங்கதை என்பாருக்கு அண்மைக் கதை ஒன்று: உலகெங்கும் சிறு வணிகர் கூகிளின் வணிக விவரப் பகுதியில் இலவசமாக அமைத்துக்கொண்ட தளங்களை அக்கம்பெனி 2024 மார்ச்சில் மூடிற்று. ஜூன் 10 வரை வருவோரை வேறு வாசலுக்கு அனுப்பிவைத்தது. அதன்பின் அதுவும் இல்லை. யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கடமையும் அதற்கில்லை, இலவசமாகத் தந்தவனல்லவா!

"முகநூற் பக்கம் ஒன்று போதுமே, தளம் எதற்கு?" என்பது மற்றொரு கட்சி. முகநூலில் விற்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திருவிழாக் கூட்டத்தில் கடை போடுவது போன்றது அது. கூட்டம் இருக்கும்வரை விற்கலாம். ஆனால் நல்லூர்த் திருவிழா முடிந்தபின் தெருவோரக் கொட்டகையையே தன் நிரந்தர முகவரியென எழுதிக்கொடுக்கும் வியாபாரி உண்டா? ஈராயிரம் பேர் பின்தொடர்கின்றனர் என்று மகிழ்வார் ஒருவர். அவருடைய அறிவிப்பை அவர்களில் எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பவர் அவரல்லர். காட்டவேண்டுமானால் காசு கட்டு என்கிறான் கொட்டகைக்காரன்.

நிற்க. வெளிநாட்டுக் கம்பெனிகளை மட்டும் சாடிவிட்டு உள்ளூர்க்காரரை விட்டுவிடுவது நேர்மையன்று. வலிகாமத்தில் நாம் அறிந்த சிறு உற்பத்தியாளர் ஒருவர் தம் தளத்தை உள்ளூர் இளைஞர் ஒருவரிடம் கொடுத்துச் செய்வித்தார். தளத்தின் பெயர் இளைஞரின் பெயரிலேயே பதிவாயிற்று; கடவுச்சொல்லும் அவரிடமே. சில ஆண்டுகளில் இளைஞர் கடல் கடந்து போனார். பெயரின் தவணை முடிந்தது. புதுப்பிக்க வழியில்லை. பொட்டலங்களிலும் பைகளிலும் அச்சிட்ட முகவரி இன்று யாரோ ஒருவனுடைய சூதாட்டப் பக்கத்திற்கு இட்டுச் செல்கிறது. இளைஞரைக் கயவர் என்று சொல்லமாட்டோம். உடைமை என்றால் என்ன என்று அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, உற்பத்தியாளருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருக்கவேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்.

அவ்விளைஞர் பயன்படுத்தியதோ கட்டற்ற மென்பொருள்தான். ஆகவே மென்பொருள் கட்டற்றதாக இருந்தால் மட்டும் போதாது என்பதை முதலில் மனத்திற் பதித்துக்கொள்வோம். நிலம் பொதுவாயினும் கிணற்றுக் கயிறு ஒருவன் கையிலிருந்தால் தண்ணீர் அவனுடையதே. தளத்தின் பெயர் சங்கத்தின் அல்லது கடைக்காரரின் பெயரிற் பதியப்படவேண்டும். 2010 முதல் '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரியும் நமக்குண்டு. அதைக் கேட்டுப் பெறுவோர் எத்தனை பேர்?

இனி அந்தக் 'கட்டற்ற' என்ற சொல்லுக்கு வருவோம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எக்காரியத்திற்கும் இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்து மாற்றவும், பிறருக்குப் பகிரவும், மாற்றியதைப் பகிரவும் உரிமை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1989இல் அவர் வெளியிட்ட பொது உரிமம், இவ்வுரிமைகளைப் பெற்றவன் அவற்றை அடுத்தவனுக்கு மறுக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. 1998இல், சுதந்திரம் என்ற சொல் முதலாளிமாரை மிரட்டுகிறது என்று கருதிய சிலர் 'திறந்த மூலம்' என்ற சாதுவான பெயரைச் சூட்டினர். பெயர் மாறியது, உரிமம் மாறவில்லை. எனினும் எப்பெயரால் அழைக்கிறோம் என்பதில் நம் வர்க்கப்பார்வை தெரிகிறது. நமக்குக் 'கட்டற்ற' என்பதே பிடிக்கும்.

இதைக் கேட்டவுடன் "இலவசப் பொருளில் தரமிராது" என்று உதடு பிதுக்குவோர் நம்மிடையே அநேகர். இவர்களுள் மிகப் பெரும்பாலோரின் கணினியில் இருப்பது திருட்டுப் பிரதி என்பதையும் நாம் அறிவோம். விலை கொடுத்து வாங்கவும் மாட்டார். உரிமையோடு கிடைப்பதைத் தொடவும் மாட்டார். விலையுயர்ந்த பொருளைக் களவாக வைத்திருப்பதில் அவர்களுக்கு ஒரு கௌரவம்! இந்தக் கௌரவம் வணிகத் தளங்களிலும் புகுந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கவேண்டிய வடிவமைப்புகளின் பூட்டுடைத்த பிரதிகளை எங்கிருந்தோ இறக்கிப் போடுகின்றனர். பூட்டை உடைத்தவன் தன் பங்குக்கு உள்ளே ஒரு கள்ளக் கதவையும் வைத்துவிடுகிறான். தளம் களவாடப்பட்டபின் "வேர்ட்பிரஸ் பாதுகாப்பில்லை" என்று பழி வேறு.

தரத்திற்குச் சான்று வேண்டுமா? 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் கணக்கெடுக்க இலங்கைக் கணினியாளர்கள் சகானா என்ற கட்டற்ற மென்பொருளைச் சில வாரங்களில் எழுதினர். அது பின்னர் 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும், 2010இல் ஹெயிற்றியிலும் பயன்பட்டது. கேரளத்தின் பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வியை நடத்துகின்றன. அவையெல்லாம் தூரம் என்றால், நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தத் தீயின் நினைவிலிருந்து பிறந்ததே 2005இல் தன்னார்வலர் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம். நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், கல்லூரி மலர்கள் என ஆயிரமாயிரம் ஆவணங்களை அது காக்கிறது. நமது மாணவர் அதை நாள்தோறும் திறக்கின்றனர். எதன்மேல் நிற்கிறது என்று கேட்பதில்லை. அது நிற்பது விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின்மேல். பின்னர் புகைப்படம், ஒலி, ஒளிப் பதிவுகளுக்கென 'ஆவணகம்' அமைத்தபோது, ட்ரூபலோடு இணைந்து இயங்கும் ஐலண்டோராவைத் தேர்ந்தனர், அதுவும் கட்டற்றதே. ஒரு முறை எரிந்த நூலகத்தை இரண்டாம் முறையும் ஒரே ஒருவனின் கூரையின் கீழ் வைக்க அவர்கள் உடன்படவில்லை. மென்பொருளும் ஆவணமும் பிரதிபண்ணத்தக்கனவாக இருந்தால் எரிப்பதற்கு ஒரு கட்டடம் இல்லை. ஒரு சமூகத்தின் ஞாபகத்திற்குப் பொருந்தும் இந்த நியாயம் அச்சமூகத்தின் சோற்றுக்குப் பொருந்தாதா?

சரி, எதைத் தேர்வது? வீடு கட்டுவோனுக்குக் கோபுரத்தின் வரைபடம் வேண்டியதில்லை. 2003இல் தோன்றிய வேர்ட்பிரஸ் உலக இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் தாங்கி நிற்கிறது. சிறு கடைக்கும் சங்கத்துக்கும் அதுவே போதும். விற்பனைக்கு வூகொமர்ஸ் என்னும் சேர்க்கை உண்டு. அதன் குறை, மும்மொழி நாட்டில் கடை நடத்துவோருக்கு உடனே தெரியும்: தமிழ், சிங்களம், ஆங்கிலம் என ஒரே பக்கத்தை மூன்றாக வைக்க வேறு சேர்க்கையை நாடவேண்டும். ஜூம்லாவிலும் ட்ரூபலிலும் அவ்வசதி கருவிலேயே உள்ளது. ஆனால் ட்ரூபல் கையாளத் தேர்ந்தவர் வேண்டும். பல பிரிவுகளும் பல பொறுப்பாளர்களும் உள்ள பெரிய நிறுவனத்துக்கே அது தகும். ஐந்து வகைத் தூள் விற்பவருக்கு ட்ரூபலை அமைத்துக் கொடுப்போர் அறியாமையால் செய்கின்றனர் அல்லது பில்லைப் பெருப்பிக்கச் செய்கின்றனர்.

ஆயினும் மென்பொருளின் பெயரைவிட முக்கியமானது அதைப் பழுதுபார்க்கத்தக்கவர் ஊரில் எத்தனை பேர் என்பது. நீர்ப்பம்பி வாங்கும் கமக்காரன் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்காமல் வாங்குவதில்லை. ஒருவர் மட்டுமே அறிந்த மென்பொருள், உரிமத்தால் கட்டற்றதாயினும், நடைமுறையில் அவருடைய ஏகபோகமே. பராமரிப்பும் அவ்வாறே. 2014 ஒக்டோபரில் ட்ரூபலில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டபோது, அறிவிப்பு வெளிவந்த ஏழு மணிநேரத்துள் திருத்தாத தளங்கள் களவாடப்பட்டதாகவே கொள்ளுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே எச்சரித்தது. ட்ரூபல் ஏழாம் பதிப்புக்கு 2025 ஜனவரி 5ஆம் நாளோடு ஆதரவு நின்றுவிட்டது. "ஒருமுறை செய்தால் முடிந்தது" என்று சொல்லித் தளம் விற்பவர் பொய் சொல்கிறார். கிணறு வெட்டியவன் இறைக்கவும் வேண்டும். இறைக்காத கிணறு பாசி பிடிக்கும்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமினி எழுத்துருவில் எழுதிக் குவித்த தமிழ்ப் பக்கங்கள் இன்று, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில், ஆங்கில எழுத்துகளின் குப்பையாய்த் தெரிகின்றன. ஒருங்குறி அல்லாத தமிழை எவர் தந்தாலும் வாங்கக்கூடாது.

இப்போது நம் தோழர்களே கிளப்பும் ஆட்சேபத்திற்கு வருவோம், இதுதான் வலுவானது. "கட்டற்ற மென்பொருளும் முதலாளிகளின் விளையாட்டரங்கு ஆகிவிட்டதே! தன்னார்வலரின் கூலியில்லா உழைப்பில் கம்பெனிகள் கொழுக்கவில்லையா?" என்கின்றனர். கொழுக்கின்றன, மறுக்கமாட்டோம். 2024 செப்டெம்பரில் வேர்ட்பிரஸின் இணைநிறுவனர் மாற் முல்லன்வெக்குக்கும் டபிள்யூ.பி. எஞ்ஜின் என்ற கம்பெனிக்கும் மூண்ட சண்டையை உலகமே பார்த்தது. புதுப்பித்தல்கள் வரும் வாய்க்கால் அக்கம்பெனிக்கு அடைக்கப்பட்டது. அதனிடம் தளம் வைத்திருந்த ஒன்றுமறியாத வாடிக்கையாளர் இடையில் மாட்டினர். டிசம்பரில் கலிபோர்னிய நீதிமன்றம் தலையிட்டபின்னரே வாய்க்கால் திறந்தது. பொதுச்சொத்து என்று நாம் கருதியதன் மதகு ஒரு தனிமனிதனின் கையில் இருந்தது என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

ஆனால் இதிலிருந்து, எல்லாம் ஒன்றே, எதைத் தேர்ந்தாலென்ன என்ற முடிவுக்கு வருவது சோம்பேறியின் தர்க்கம். மதகு தனியாருடையதாயினும் நீர் பொதுவானது. வேறு மதகு வெட்ட நமக்கு உரிமையுண்டு. 2005இல் மாம்போ என்ற மென்பொருளை எழுதிவந்தோர், அதை உடைமையாக்க முனைந்த கம்பெனியோடு முரண்பட்டு, நிரலை எடுத்துக்கொண்டு கூட்டாக வெளியேறினர். அவர்கள் இட்ட புதுப்பெயரே ஜூம்லா. 'எல்லோரும் சேர்ந்து' என்ற பொருளுடைய சுவாகிலிச் சொல்லிலிருந்து வந்தது. வேர்ட்பிரஸும் கைவிடப்பட்ட பி2 என்னும் மென்பொருளைப் பிறர் எடுத்து வளர்த்ததன் பிள்ளையே. வாடகைத் தளத்தில் இவ்வாறு வெளியேற முடியுமா? தொழிலாளி வேலைநிறுத்தம் செய்யலாம். ஆனால் தொழிற்சாலையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுதல் சரித்திரத்தில் வேறெங்கும் கண்டதில்லை. அந்த உரிமை இந்த ஒரு துறையில் சட்டபூர்வமாகக் கைக்கு வந்திருக்கையில், அதனைக் கசக்கி எறிவது இடதுசாரித்தனமாகாது.

கூலியில்லா உழைப்பு என்ற குற்றச்சாட்டுக்குப் பதில், உழைப்புக்குக் கூலி கொடுப்பதே. மென்பொருளுக்குப் பணம் வேண்டியதில்லையெனில், டொலரில் வெளியே போகவிருந்த பணத்தை, தளத்தைப் பராமரிக்கும் உள்ளூர்ப் பிள்ளைக்கு ரூபாவில் மாதச் சம்பளமாகக் கொடுக்கலாம். ஒரு கடைக்கு இயலாதெனில் பத்துக் கடை சேரட்டும். மூளாயில் 1930களிலேயே கூட்டுறவு முறையில் வைத்தியசாலை நடத்திய பிரதேசம் இது. பல நோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் எல்லைக்குட்பட்ட சிறு உற்பத்தியாளர் அனைவருக்கும் ஒரே வழங்கியை வாடகைக்கு எடுத்து, ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்களை நடத்துவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவுமில்லை; அவ்வசதி அம்மென்பொருளிலேயே உள்ளது. தடை வேறிடத்தில் இருக்கிறது. நிருவாகசபைகள் கணக்குப் புத்தகத்தை இரும்புப் பெட்டியில் பூட்டுகின்றன, கடவுச்சொல்லை எவரிடமோ விட்டுவிடுகின்றன.

பாடசாலையில் நாம் செய்யக்கூடியது அதிகம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இணையப்பக்கம் அமைக்கும் விதியை மனனம் செய்து பரீட்சையில் கக்கும் மாணவனிடம், பாடசாலைக் கணினியிலேயே, இணைய இணைப்பின்றியும், வேர்ட்பிரஸை நிறுவிக் காட்டலாம். அதன் நிரலைத் திறந்து அவன் ஊரின் பெயரை அதில் எழுதச் சொல்லலாம். மொழிபெயர்ப்புக்கென அத்திட்டத்தில் 'தமிழ் (இலங்கை)' என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. கணக்குத் திறந்த எவரும் சொற்களை முன்மொழியலாம். முகாமைத்துவமா மேலாண்மையா என்று கருத்தரங்குகளில் வாதிட்டுக் களைத்த தமிழாசிரியர்கள் அங்கே வந்து நூறு வாக்கியங்களைத் தமிழாக்கட்டும்.

உயர்தரம் முடித்த மாணவரிருவரை அருகிலுள்ள சங்கத்தோடு இணைத்துவிடுவது அடுத்த படி. அவர்கள் முதல் நாளே தளத்துக்கு நிறம் பூசத் தொடங்கவேண்டாம். பெயர் எவர் பேரிற் பதிவாகியிருக்கிறது, தவணை எந்நாளில் முடிகிறது, முகாமையாளர் கணக்கு எத்தனை பேரிடம் உள்ளது என்ற மூன்றையும் விசாரித்து நிருவாகசபைக் கூட்டக் குறிப்பில் பதிவிக்கட்டும். பின்பு மாதந்தோறும், கணக்கு முடிக்கும் நாளில், தளத்தின் தரவுத்தளத்தையும் கோப்புகளையும் ஒரு சிறு வன்தட்டில் பிரதியெடுத்து, பங்குதாரர் பதிவேடு இருக்கும் அதே இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டட்டும். சாவி ஒன்று தலைவரிடமும் மற்றொன்று செயலாளரிடமும் இருக்கட்டும்.